பல்லாரட்டுக்குப் போன நோன்பு

செப்டம்பர் 17, திங்கள்

காற்று. மழை இல்லை. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து எலுமிச்சைக்கு ஊற்றியாயிற்று. மெல்பேர்னின் இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் குழாயைத் திறந்து விட்டால் பக்கத்து வீட்டுக்காரியே கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவாள். நோன்பு ஐந்து.

ஸ்கூல் கன்டீன் வேலையில் காலை முழுவதும் சாப்பாடு சூடாக்கிச் சூடாக்கி எடுத்தது. வாசம் முந்தானை வரைக்கும். பசி இல்லை, தலையிடிதான். தேத்தண்ணி இல்லாத தலையிடி.

செய்ய வேண்டியவை:
பேரீச்சம்பழம், பெரிய பெட்டி (ஸ்பிரிங்வேல்)
கஞ்சிக்கு இறைச்சி
ஸாஹிருக்கு பூட்ஸ் லேஸ்
ராத்தாவுக்கு போன்

மகன் ஸாஹிர் இங்கே இனி ஸா. முழுப் பெயர் எழுதக் கை சோம்பல்.

ஞாயிறு அவனுக்குக் கடைசித் தேர்வு ஆட்டம். ஃபூட்டி, கையாலும் காலாலும் ஆடுகிற இந்த நாட்டு முட்டைப் பந்து. பதினாறுக்குக் கீழ்ப்பட்ட அக்கடமிப் பிள்ளைகளைக் குளிர்காலம் முழுவதும் ஓடவிட்டு, உதைக்கவிட்டு, நிறுத்து அளந்து பார்த்தவர்கள், இனி அதிலிருந்து கோடைக்கால ஸ்குவாடுக்குப் பொறுக்கி எடுப்பார்கள். எடுபட்டால் மாநில டீமுக்கு ஒரு வழி. எடுபடாவிட்டால் பழையபடி சனிக்கிழமை கிளப். ஸா. விங்கில், மைதானத்தின் ஓரத்தில், விளையாடுகிறவன். ஓட்டம்தான் அவனுடைய சரக்கு. அந்த ஓட்டத்தைத்தான் இப்போது நோன்போடு ஓட வேண்டியிருக்கிறது.

கோச்சிடம் சொல்லக்கூடாதாம். ஒருத்தரிடமும் சொல்லக்கூடாதாம்.

"எக்ஸ்கியூஸ் சொல்ற பொடியன் எண்டு நினைப்பாங்க உம்மா. ப்ளீஸ். டோன்ட்."

சரி என்றேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு நோன்பைவிடக் கஷ்டம்.

செப்டம்பர் 18, செவ்வாய்

வெயில். செப்டம்பருக்கு இது அதிகம்.

டிரெயினிங். காருக்குள் இருந்து பார்த்தேன். முதல் பாதி நல்லாத்தான் ஓடினான். பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் பின்னுக்கு விழுந்து, நாலாவதில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மற்றவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தலையில் கவிழ்க்கிறார்கள். இவன் வாய் கொப்பளித்துத் துப்புகிறான். அது மட்டும்தான்.

கோச் பிரெண்டன் அவன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். நல்ல மனிசன், சிவந்த முகம், எந்நேரமும் தொப்பி. என்ன சொன்னார் என்று காரில் கேட்டேன்.

"நதிங்."

"ஓடேலாம நிண்டதுக்குத்தானே?"

"உம்மா. நதிங்."

வேலியோரத்தில் இரண்டு தகப்பன்மார். ஒருவர் மற்றவரிடம், அந்த மெல்லிய கறுப்புப் பையன் கெட்டிக்காரன், ஆனால் கடைசியில் காற்றுப் போய்விடுகிறது என்றார். இறங்கிப் போய் உங்கள் மகனைத் தண்ணியில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள் என்று சொல்ல நாக்குத் துடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். எடுபடாவிட்டால் போகட்டும், பந்துதானே. ஆனால் நோன்பால் எடுபடவில்லை என்று வந்தால்? சிட்னியில், பிளாக்டவுனில், என் கூடப்பிறந்த ராத்தாவின் மகன் அப்படித்தான் போனான். ஸ்கூல் கேம்ப் ஒன்றுக்கு விடவில்லை, மார்க்கத்தைக் காட்டி மறித்தார்கள். இப்போது இருபத்திரண்டு வயது. பெருநாளைக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை, வாப்பாவோடு பேச்சில்லை. கேட்டால் இன்னும் அந்தக் கேம்ப்பைத்தான் சொல்கிறானாம். ஸா. அப்படிப் பந்தைக் காட்டி மார்க்கத்தையும் எங்களையும் வெறுத்துவிடக்கூடாது. எனக்குப் பயம் அதுதான். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 19, புதன்

அல்ஹம்துலில்லாஹ்! ஆட்டம் இடம் மாறிவிட்டது.

மழை இல்லாமல் நம்முடைய பக்கத்து மைதானம் சீமெந்து மாதிரி இறுகிவிட்டதாம். பிள்ளைகள் விழுந்தால் எலும்பு தேறாது என்று கவுன்சில் பூட்டுப் போட்டுவிட்டது. ஞாயிறு ஆட்டம் நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பல்லாரட்டில்.

எல்லாத் தாய்மாரும் தூரம் தூரம் என்று புலம்புகிறார்கள். ஆனால் ஸா.வின் வாப்பா, இவர், கடையிலிருந்தே எனக்கு போன்.

"பல்லாரட் எவ்வளவு தூரம் தெரியுமா? ஸா. பயணி, புள்ள! பயணிக்கு நோன்பு விடலாம். விட்ட நோன்பப் பெருநாளைக்குப் பிறகு கழாவாப் பிடிச்சாச் சரி."

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? வருடத்துக்கொரு முறை சிட்னிக்கு ஓடுகிற குடும்பம் நாங்கள். நோன்பு திறக்கும்போது இவர் இரண்டு கோப்பை கஞ்சி குடித்தார், சந்தோஷத்தில். ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற மனிசன், ஆயுளில் பந்தை உதைத்ததில்லை. ஸா.வுக்கு மேலாக இவருக்குத்தான் பைத்தியம்.

ஸா.விடம் சொன்னோம். "கூல்" என்றான். இரண்டாவது ரொட்டியை எடுத்தான். அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, வியாழன்

மேகம் வந்தது, பொய் சொல்லிவிட்டுப் போனது.

இரவுத் தொழுகை, தராவீஹ், முடிந்து இவர் பள்ளி மவ்லவியிடம் கேட்டுக்கொண்டு வந்தார். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. விடலாம்தான். ஆனால் நம்முடைய மத்ஹபில், நாம் பின்பற்றுகிற சட்டப் பிரிவில், ஒரு நிபந்தனை: சுபஹுக்கு முந்தியே ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். பொழுது விடியும்போது ஊருக்குள் இருந்தால் அன்றைய நோன்பு நோன்புதான்.

"எல்லை எண்டா எது?"

"வீடுகள் முடியிற இடமாம்."

இந்த மெல்பேர்னில் வீடு எங்கே முடிகிறது? போன வருடம் முடிந்த இடத்தில் இந்த வருடம் சூப்பர்மார்க்கெட். இவர் தெரு வரைபடப் புத்தகத்தை மேசையில் விரித்துப் பென்சிலால் கோடு போட்டார். மெல்ட்டன் தாண்ட வேண்டும் என்று முடிவு. பத்து மணி ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நடுச்சாமத்தில் புறப்படுகிற கதை. பரவாயில்லை.

அதற்குள் கீதாவின் போன். பொயிண்ட் குக்கில் இருக்கிற இந்தியத் தமிழ்ப் பிள்ளை, மதுரைப் பக்கம். அவளுடைய மகன் கார்த்திக்கும் அக்கடமியில்தான். நானும் அவளும் குளிர்காலம் முழுக்க வேலியோரத்தில் ஒரே குடைக்குள் நின்றவர்கள். அவளுடைய கணவருக்கு ஞாயிறு ஏர்போர்ட்டில் ஷிப்ட்.

"அக்கா, உங்க கூட வரலாமா? ஃப்ரீவேல ஓட்ட எனக்குப் பயம்."

"வாங்க. ஆனா விடியக்காலம் நாலு மணிக்கு ரெடியா நிக்கணும்."

"நாலா? மேட்ச் பத்து மணிக்குத்தானே?"

விளங்கப்படுத்தினேன். "ஓ" என்றாள். பிறகு, "அப்ப நான் டிபன் கட்டிடறேன்" என்றாள்.

செப்டம்பர் 22, சனி

மேகமூட்டம், குளிர்.

மூட்டை கட்டல்: பூட்ஸ். வாய்க் கவசம். இரண்டு கம்பளி. பிளாஸ்க் (ஸா.வுக்கு மைலோ). வாழைப்பழம். தொழுகைப் பாய். வரைபடம். பிளாஸ்டர்.

திட்டம்: நானும் இவரும் விடியுமுன் சஹர் சாப்பிடுகிறோம், எங்களுக்கு நோன்பு. ஸா.வை எழுப்புவதில்லை, தூங்கட்டும். தூக்கத்தோடு காரில் ஏற்றி, எல்லை தாண்டி, பல்லாரட்டில் வயிறார சாப்பாடு. பிறகு ஆட்டம். இவர் இதை மூன்று முறை சொன்னார். படைத் தளபதி மாதிரி.

மாமி ஊரிலிருந்து போனில், பந்தடிக்கவா பயணம் என்று கேட்டார். மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்வது? இவரிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

பின்னேரம் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. மனம் லேசு.

சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டோம். றோட்டில் ஒரு குருவி இல்லை. வெஸ்ட் கேட் பாலத்துக்கு மேல் போகும்போது நகரம் முழுக்க விளக்கு. ஸா. பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூக்கம். இவர் பாட்டெல்லாம் முணுமுணுத்தார்.

பொயிண்ட் குக்கில் சறுக்கினோம். புதுப் பேட்டை. கீதாவின் தெரு புத்தகத்திலேயே இல்லை! போன வருடம் அச்சடித்த புத்தகத்தில் அந்த இடம் வெறும் பச்சை. எல்லா வீடும் ஒரே முகம், எல்லா ரவுண்ட்அபவுட்டிலும் ஒரே புல்லு. ஒரே வாத்துக் குளத்தை எத்தனையோ முறை சுற்றினோம். கீதாவுக்கு போன் எடுத்தால் அவளுக்கும் வழி சொல்லத் தெரியவில்லை.

"நாங்களே குடி வந்து ரெண்டு மாசந்தான்க்கா. பக்கத்துல ஒரு குளம் இருக்கும் பாருங்க."

"எல்லாப் பக்கமும் குளமாத்தான் புள்ள இருக்கு!"

கடைசியில் அவளே நைட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று கை காட்டினாள். பிறகு உள்ளே ஓடிச் சேலை மாற்றல். பிறகு டிபன் பெட்டி. பிறகு கார்த்திக்கின் ஒரு பூட்ஸைக் காணோம். இவர் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

மெல்ட்டனுக்கு இன்னும் கிடக்கிறது, இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போகிறது. இவருடைய போனில் விடியற்காலைத் தொழுகைக்கான சுபஹ் பாங்கு அடித்தது.

"முடிஞ்சிது" என்றார் இவர்.

பின் சீட்டில் பையன்கள் இரண்டு பேரும் தூக்கம். கீதாவுக்கு என்ன முடிந்தது என்று தெரியவில்லை. நான் மெதுவாக, மற்ற மத்ஹபுகளில் இடமிருக்குமே, நோயாளி, பயணி என்று எவ்வளவு சலுகை என்றேன்.

"நாம எந்த மத்ஹப்? வசதிக்கு ஒண்டு, வசதியில்லாட்டி ஒண்டா?"

"அப்ப புள்ள சஹரும் இல்லாம நாலு குவார்ட்டர் ஓடுறதா? போன செவ்வாய் சஹரோடயே நிண்டுட்டான்!"

"நான் என்ன புள்ள செய்ற? அந்தக் குளத்தக் கட்டினது நானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் நாங்களே அவனை வெறும் வயிற்றில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறோம். மகன் வராத பிளாக்டவுன் வீட்டின் கதவு கண்ணுக்குள் வந்தது. கீதா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். என்னவென்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

பேக்கஸ் மார்ஷ் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி, ஓரமாகப் பாய் விரித்து சுபஹ் தொழுதோம். புல்லில் உறைபனி. நெற்றி சில்லிட்டது. என்ன கேட்டேன் என்று எழுதத் தேவையில்லை.

திரும்பி வந்தால் காருக்குள் சட்னி வாசம். மடியில் டிபன் பெட்டி, பையன்கள் இரண்டு பேரும் இட்லி. ஸா.வின் வாய் நிறைய.

இவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மனே... என்ன செய்றாய்?"

"வாட்? நீங்கதானே வாப்பா சொன்னீங்க, சிட்டி முடிஞ்சாச் சாப்பிடலாமெண்டு."

"சிட்டி முடிஞ்சுதெண்டு ஆர் சொன்ன?"

ஸா. இட்லிக் கையால் வெளியே காட்டினான். வெளிறின வெளிச்சத்தில், வேலிக்கு அங்கால், செம்மறியாடுகள்.

"ஷீப், வாப்பா."

கீதா வெலவெலத்துப் போனாள். "ஐயோ அக்கா, நான்தான் குடுத்தேன். உனக்கு ஓகேவாப்பான்னு கேட்டேன், ட்ராவல் பண்றேன் ஆன்ட்டின்னு சொன்னான். தப்பாயிடுச்சா?"

இவர் ஆடுகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், காரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்து. கண்ணீர் வர. எனக்கும் தொற்றிக்கொண்டது. கார்த்திக் எங்களைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே அடுத்த இட்லியை எடுத்தான்.

"சாப்பிடு மனே. முழுக்கச் சாப்பிடு."

பல்லாரட் போய் மவ்லவிக்கு போன். எல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளைக்குத் தெரியாது, நாம் சொன்னதை நம்பித்தான் சாப்பிட்டான், அவன் மேல் குற்றமில்லை, ஒரு நாள் கழாப் பிடிக்கட்டும் என்றார். பிறகு, உங்கள் மகன் எந்தப் பொசிஷன் என்று கேட்டாராம். இவர் விங் என்றதும், அப்படியானால் வாழைப்பழமும் கொடுங்கள் என்றாராம்.

ஆட்டம். சும்மா சொல்லக்கூடாது, குதிரை. நாலாவது குவார்ட்டரில் மற்றவர்கள் நாக்குத் தள்ளும்போது இவன் இன்னும் ஓடுகிறான். ஒரு முறை வேலியோரமாகப் பந்தைத் தட்டித் தட்டி வந்து, எதிரே ஒருவன் மறித்ததும் அழகாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி உதைத்தான். கோல் இல்லை, ஓரமாகப் போனது. ஆனால் அந்தச் சுற்று! நான் கத்தியதில் கீதா காதைப் பொத்திக்கொண்டாள். கார்த்திக் இரண்டு கோல். அவளும் கத்தினாள், நானும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது, நோன்பில் இருப்பவளுக்கு இது தேவையா.

முடிந்து வரும்போது ஸா.வின் கன்னம் ஆப்பிள் மாதிரி. "லெக்ஸ் ஃபெல்ட் குட்" என்றான்.

இனி எடுபட்டாலும் சரி, எடுபடாவிட்டாலும் சரி, நிறைந்த வயிற்றோடு ஓடியாயிற்று. ஆனால் செவ்வாய்க் கிழமைகளையும் கணக்குப் பார்ப்பார்களே.

செப்டம்பர் 25, செவ்வாய்

தூறல், முற்றம் நனையவில்லை. ஸ்கூல் லீவு, கன்டீன் இல்லை. வீட்டில் இருப்பது இன்னும் மோசம்.

பிரெண்டன் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் எடுத்துச் சொல்வாராம். இன்று நான்கு அழைப்பு: ராத்தா, மின்சாரக் கம்பனி மாற்றச் சொல்லி ஒருத்தன், ராங் நம்பர், திரும்ப ராத்தா.

ராத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு வலிக்கிற இடம்.

கீதாவின் டிபன் பெட்டியில் சமோசா போட்டுக் கொடுக்க வேண்டும். வெறும் பெட்டி திருப்பக்கூடாது.

செப்டம்பர் 27, வியாழன்

வந்துவிட்டது.

நேரம் பார்த்து எடுத்தார் மனிசன். நோன்பு திறக்கும் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் வாயில், கஞ்சிக் கோப்பை கையில். போன் என் பக்கத்தில். குரலைக் கேட்டதும் பழத்தைக் கொட்டையோடு கன்னத்தில் ஒதுக்கினேன்.

மன்னிக்க வேண்டும், இந்த முறை ஸாஹிர் இல்லை என்றார்.

மேசையில் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஓட்டமா? செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டானே, அதனாலா?

ஓட்டமா என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஓட்டத்தில் இந்தக் கூட்டத்திலேயே முதல் மூன்றுக்குள் வருவான். செவ்வாய்க்கிழமை எல்லாப் பிள்ளைகளும்தான் சாகிறார்கள், அதை யார் பார்த்தது? இடது காலம்மா. அவனுக்கு இடது காலே இல்லை. எந்தப் பக்கம் பந்து வந்தாலும் சுற்றித் திரும்பி வலது காலுக்குக் கொண்டுவருகிறான், அதற்குள் இரண்டு பேர் மேலே விழுந்துவிடுகிறார்கள். கோடை முழுக்க இடது காலால் உதைக்கட்டும், அடுத்த வருடம் கட்டாயம் வரட்டும்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

பிரெண்டன் அந்தப் பக்கம் "பார்டன்?" என்றார். பிறகு, நல்லதாக எடுத்துக்கொண்டதற்கு நன்றி என்று வைத்துவிட்டார்.

"இடது கால்! இடது கால்தானாம்!" நான் இவருடைய தோளைப் பிடித்து உலுக்குகிறேன், இவர் கஞ்சியைச் சிந்திக்கொண்டு "அப்ப நோன்பு இல்லையா? நோன்பு இல்லையா?" என்கிறார். இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம். அப்போதுதான் ஸா.வின் முகத்தைக் கண்டேன்.

"நான் ட்ரொப் ஆனது உங்களுக்கு ஹெப்பியா?"

அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்தை எழுத்தில் போட முடியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பால்தான் போனது என்று வந்துவிடுமோ, வாழ்நாள் முழுக்க எங்களையும் மார்க்கத்தையும் கரித்துக்கொட்டுவாயோ என்று ராவு பகலாகப் பயந்ததை. பிளாக்டவுனைச் சொன்னேன், சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தும்.

கேட்டுக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது, எனக்காக இல்லை, ஸ்குவாடுக்காக. அழட்டும். அவனுக்கு அது பெரிய விஷயம்.

"லெஃப்ட் ஃபுட் எண்டு அவர் ஜூன்ல இருந்து சொல்றார் உம்மா. அண்டைக்குத் தோள்ல கை வெச்சுச் சொன்னதும் அதுதான்."

"ஏன் மனே எங்களுக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே. நீங்க ரெண்டு பேரும் நோன்பப் பத்தி மட்டுந்தான் கேட்ட."

இவர் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

பிறகு கீதாவின் போன். கார்த்திக் எடுபட்டுவிட்டான். அழுகிறாள், சிரிக்கிறாள், எனக்காகவும் அழுகிறாள். இரண்டு நிமிடம் பொறாமை வந்தது, மறைக்கவில்லை. பிறகு போய்விட்டது. ஸா.வே போனை வாங்கி "வெல் டன், மேட்" என்று கார்த்திக்கிடம் சொன்னான்.

இவர் என்னிடம் மெதுவாக, இடது கால் உன்னுடைய பக்கத்துப் பிழை என்றார். என்னுடைய பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டு காலும் நல்ல காலே. இவருடைய தம்பி நடப்பதைப் பார்த்தால் தெரியும்.

தராவீஹ் போய் வந்து அவன் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திறந்தது. தலையை மட்டும் நீட்டினான்.

"உம்மா, சஹருக்கு என்ன?"

"புட்டு."

"முட்டையும் வேணும். ரெண்டு."

முட்டையை இப்போதே எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.